உரைகல்லில் கறுத்த கல்

ஆடி லீவில் ஊருக்கு வந்து மூன்றாம் நாள். நான் இன்னும் வாய்கூடக் கொப்பளிக்கவில்லை, படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம். பெரியப்பா. சாரத்து மடியில் எதையோ கட்டிக்கொண்டு வந்து விறாந்தையில் குந்தினார். அம்மா தேத்தண்ணி போட உள்ளே போகும்வரை பார்த்திருந்துவிட்டு மடியை அவிழ்த்தார்.

“இதென்னண்டு பாரு மனே. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத.”

உள்ளங்கை அளவில் ஒரு சாம்பல் நிறக் கல். ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் மினுக்கம். கிட்டப் பிடித்துப் பார்த்தால் சின்னச் சின்னப் பெட்டிகள், யாரோ உளி வைத்துச் செதுக்கியது போல மூலை மட்டம் பிசகாமல். ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் மயிர் மாதிரிக் கோடுகள். பக்கத்து முகத்துக்குத் திருப்பினால் கோடுகள் குறுக்கே திசை மாறி ஓடும். அந்தக் கோடுகளைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தால்தான் வாய் வரவில்லை.

மட்டக்களப்பில் தாந்தாமலைப் பக்கம் அவருக்கு ஒரு துண்டுக் காணி இருக்கிறது. கச்சான் காற்று தொடங்கினால் அங்கே கிணறு அடி காட்டிவிடும். இந்த முறை கொம்பிறசர் பிடித்து அடிக்கல்லை உடைத்து ஆழமாக்கியிருக்கிறார். அப்போது வந்த கல்.

“பொன்னில்ல பெரியப்பா.”

“பத்தரும் அதத்தான் சொன்னாரு” என்றார் அமைதியாக. “கறுத்தக் கல்லுல உரசிப் பாத்தாரு. கறுப்பாத்தான் இழுத்திச்சு. நீ பொன் தோண்டுற கொம்பனியில இருக்கிற புள்ள, உனக்குக் கூடத் தெரியும் எண்டு வந்தன்.”

ஒருத்தருக்கும் சொல்லாத ரகசியத்தின் இலட்சணம் இது. ஆனால் அந்தப் பத்தரை நான் மெச்சுகிறேன். உரைகல்லில் ஒரே இழுப்பு, தீர்ப்பு சரி. தங்கம் எதில் உரசினாலும் மஞ்சளாகவே இழுக்கும். பெரியப்பா கொண்டுவந்தது பைரைட் என்ற கனியம். அது பார்க்க மஞ்சள், பொடியோ பச்சை கலந்த கறுப்பு. அம்மாவின் உடைந்த கோப்பை ஒன்றின் அடிவிளிம்பில், பளபளப்பு ஏறாத சொரசொரப்பு இடத்தில், நானும் ஒருக்கால் உரசிக் காட்டினேன். பிறகு போத்தல் துண்டொன்றில் கீறினேன். கண்ணாடியில் கோடு விழுந்தது. தங்கத்துக்கு அந்தப் பலம் இல்லை, பேனாக்கத்திக்கே அது விட்டுக்கொடுத்துவிடும். கடைசியாகச் சுத்தியலால் ஒரு தட்டு. சின்னதாய் ஒரு பொறி, பின்னால் வெடிகொளுத்தின மணம். பைரைட் என்ற பெயரே கிரேக்க மொழியில் நெருப்பு என்ற சொல்லிலிருந்துதான் வந்தது. ஒரு இரும்பணுவுக்கு இரண்டு கந்தக அணு, அவ்வளவுதான் அதன் சமையல்.

இதையெல்லாம் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான் அண்ணாவின் மகன். ஏ.எல். படிக்கிறான். “அப்ப வெறும் பைரைட்தானா மாமி?”

அந்த ‘வெறும்’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவுஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லியில் பதினொரு வருசமாக எனக்குச் சோறு போடுகிற கல் அது. தங்கம் தேடுகிறவர்கள் நாள் முழுக்கத் தங்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஊரில் நினைக்கிறார்கள். நான் கண்ணால் கண்ட தங்கம் ஒரு சங்கிலிக்குக் காணாது. பார்த்ததெல்லாம் பைரைட். அவனுக்கு அன்று முழுதும் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, ஆகவே இங்கே எழுதுகிறேன்.

பைரைட் எங்கே பிறக்கிறது என்பதற்கு எங்கள் வாவியை விட நல்ல இடம் காட்ட முடியாது. சின்ன வயதில் கண்ணாக்காட்டுக்குள், வாவியோரச் சதுப்புக் காட்டுக்குள், அப்பாவோடு றால் பிடிக்கப் போவேன். முழங்கால் வரை புதையும் கறுத்தச் சேறு, கால் எடுத்தால் அழுகின முட்டை நாற்றம். ஒருநாள் வெள்ளிக் கொலுசைக் கழற்ற மறந்து இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து கழுவினால் கொலுசு கறுத்துப்போய் இருந்தது. அம்மா புளி போட்டுத் தேய்த்தாள், அடியும் தந்தாள். காரணம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தில்தான் விளங்கியது. சேற்றுக்குள் காற்று இல்லை. அங்கே வாழும் பக்டீரியாக்கள் கடல்தண்ணீரில் இருக்கிற சல்பேட்டை வைத்து மூச்சுவிடுகின்றன, வெளியே விடுவது ஐதரசன் சல்பைட். அதுதான் நாற்றம். அதுதான் கொலுசைக் கறுக்க வைத்தது. அதே வாயு சேற்றில் இருக்கிற இரும்போடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பைரைட் ஆகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் மீன் சினை மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும், ஒவ்வொரு உருண்டையும் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு வரும், இல்லாவிட்டால் அதிலும் குறைவு.

இது ஒரு பிறப்பு. இன்னொரு பிறப்பு பூமிக்குள் ஆழத்தில். இருநூறு, முந்நூறு பாகைச் சூட்டில் உப்பும் கந்தகமும் உலோகங்களும் கரைந்த தண்ணீர் பாறை வெடிப்புகளில் ஏறிவரும். சூடு தணியும்போது, அமுக்கம் குறையும்போது, வழியில் உள்ள பாறையோடு அது மல்லுக்கட்டும்போது பைரைட்டைப் படியவைத்துவிட்டுப் போகும். தங்கம், செம்பு படிவுகள் பலவும் இந்த வழியில் வந்தவைதான்.

இரண்டும் வெளியில் ஒரே மஞ்சள். பொடியும் ஒரே கறுப்பு. பத்தரின் உரைகல் இங்கே கைவிரித்துவிடும். ஆனால் பைரைட்டுக்கு ஒரு குணம், அது வந்த விருந்தாளியை இல்லையென்று அனுப்பாது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் கோபால்ட்டும் நிக்கலும் போய்க் குந்திக்கொள்ளும். கந்தகத்தின் இடத்தில் ஆர்சனிக்கும் செலனியமும் குந்தும். ஈயம், பிஸ்மத், அந்திமனி, தாலியம் எல்லாம் சிறு சிறு துணிக்கைகளாகவோ ஒளிந்தோ உள்ளே இருக்கும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, பத்துப் பங்கு என்ற அளவுகள். எந்தத் தண்ணீரில் அந்த மணி வளர்ந்ததோ அந்தத் தண்ணீரின் கணக்கு அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் செய்வது அந்தக் கணக்கை வாசிக்கிற வேலை.

பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. கோபால்ட்டை நிக்கலால் பிரி. ஒன்றுக்குக் குறைந்தால் சேற்றில் பிறந்தது, கூடினால் சூட்டுநீரில் பிறந்தது. 1960களிலேயே அவுஸ்திரேலியாவில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நல்ல கணக்குத்தான். ஆனால் பக்கத்தில் நிக்கல் நிறைந்த பாறை இருந்தால் சூட்டுநீர்ப் பைரைட்டும் நிக்கலாகவே வரும். இந்த ஒரு விகிதத்தை மட்டும் தூக்கிப் பிடித்து அறிக்கை எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதினவள்தான்.

ஆர்சனிக்கின் கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் கார்லின் என்ற இடத்தில் 1961இல் கண்டுபிடித்த தங்கம் கண்ணுக்குத் தெரியாத தங்கம். மண்ணை அரித்துப் பார்த்தால் ஒன்றும் மினுங்காது. சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது. பைரைட் மணிகளைச் சுற்றி ஆர்சனிக் கூடிய மெல்லிய ஓரம் ஒன்று வளர்ந்திருக்கும், தங்கம் அந்த ஓரத்துக்குள் அணுவணுவாக ஒளிந்திருக்கும். ஆர்சனிக் அந்தப் பைரைட் பளிங்கில் அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கைக் கொஞ்சம் குலைத்துவிடுகிறது, அந்த இடைவெளியில் தங்கம் நுழைகிறது. எவ்வளவு நுழையலாம் என்பதற்கும் எல்லை உண்டு. 2005இல் வெளியான ஒரு ஆய்வின்படி ஏறத்தாழ ஐம்பது ஆர்சனிக் அணுவுக்கு ஒரு தங்க அணு. அதற்கு மேலே போனால் தங்கம் தனியாக நுண்மணிகளாகப் பிரிந்து நிற்கும். இந்த வித்தியாசம் சுரங்கக்காரனுக்குக் காசு விசயம். தனி மணியென்றால் சயனைட்டில் கரைத்து எடுக்கலாம். பளிங்குக்குள் பூட்டிக் கிடந்தால் முதலில் கல்லை வறுக்கவோ வேறு வழியில் உடைக்கவோ வேண்டும்.

ஆர்சனிக் இருந்தால் தங்கம் இருக்கும் என்று இதை வாசித்தவுடன் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. அங்கேதான் விழுந்தேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம். அப்போது இருந்தது வேறொரு கொம்பனி, பெயர் வேண்டாம். கறுப்பு மாக்கல் பட்டை ஒன்று, அதாவது எங்கள் வாவிச் சேறு மாதிரி ஏதோவொன்று கோடிக்கணக்கான வருடங்களில் கல்லானது. மேலோட்டமாகத் துளைத்து எடுத்த தூளை அனுப்பிப் பார்த்ததில் ஆர்சனிக் உச்சத்தில் நின்றது. வரைபடத்தில் சிவப்பாக நிறம் தீட்டினேன். சிவப்பு நிறத்துக்கு ஒரு மயக்கம் இருக்கிறது, கூட்டத்தில் இருந்த எல்லாரும் அதையே பார்த்தார்கள். நான்கு ஆழத்துளைக்கு அனுமதி வாங்கினேன். வெயிலில் ஐந்து கிழமை நின்றேன். துளையிலிருந்து உருளையாக வந்த கல்லை, நாங்கள் ‘கோர்’ என்போம், வெட்டிப் பார்த்தால் பைரைட் அள்ளு கொள்ளையாக இருந்தது. தங்கம் நான்கு துளையிலும் இல்லை.

மேலாளர் சத்தம் போடவில்லை. “சரி, அடுத்தது” என்றார். அதைவிடச் சத்தம் போட்டிருக்கலாம்.

அதே கோரில் பத்துத் துண்டை எடுத்துப் பிசினில் வார்த்து, வைரப் பசையில் கண்ணாடி போல மினுக்கி, பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு லேசர் இருக்கிறது. மயிரை விடவும் மெல்லிய கதிர் பைரைட்டில் ஒரு குழி தோண்டும். எழும்பும் புகையை ஹீலியம் வாயு அள்ளிக்கொண்டு போய்ப் பிளாஸ்மா என்ற, மின்னேறிக் கொதிக்கும் வாயுவில் கொட்டும், அதற்குப் பின்னால் இருக்கிற கருவி ஒவ்வொரு மூலகமாக எண்ணும். திரையில் மூலகத்துக்கு ஒரு கோடு ஓடும். முதல் முப்பது செக்கன் வெறும் இரைச்சல், பிறகு லேசர் தொட்டவுடன் இரும்புக் கோடு விறுக்கென்று ஏறி மட்டமாக நிற்கும்.

மற்றக் கோடுகளை வாசிப்பதில்தான் கைப்பக்குவம். புட்டுக்கு மா குழைக்கும்போது போட்ட உப்பு எந்த வாயிலும் ஒரே அளவாய் இருக்கும். அரிசி சரியாகக் கொழிக்காவிட்டால் ஒரு வாயில் மட்டும் கல் கடிபடும். ஒரு மூலகம் பளிங்குக்குள் கலந்திருந்தால் அதன் கோடு இரும்போடு சேர்ந்து மட்டமாகப் போகும். துணிக்கையாக ஒளிந்திருந்தால் ஒரு இடத்தில் ஊசி மாதிரி எழும்பி விழும். அன்று என் ஆர்சனிக் கோடு மட்டமாக ஓடியது. நிக்கல் கோபால்ட்டை விடக் கூட. தங்கக் கோடு இரைச்சலை விட்டு எழும்பவேயில்லை. எல்லாம் சேற்றுப் பைரைட். ஆதிக்கடலின் ஆர்சனிக்கை அது தன் பாட்டில் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பாறை வழியே சூட்டுநீர் வந்து போன அடையாளமே இல்லை.

நான் செய்த பிழை கல்லை மொத்தமாக அரைத்து ஆர்சனிக் எவ்வளவு என்று கேட்டது. கேட்டிருக்க வேண்டியது எந்தப் பைரைட்டில், அதிலும் நடுவிலா ஓரத்திலா என்று. பிறகு பழகிக்கொண்டேன். லேசருக்கு முன் நைட்ரிக் அமிலத்தால் ஒரு துடை துடைத்தால் மரத்தின் வளையம் மாதிரி மணியின் வளையங்கள் தெரியவரும். நடுவுக்கு ஒரு குழி, ஓரத்துக்கு ஒரு குழி. இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் அந்த இடத்தை விட்டுவிட்டுப் போகலாம். ஓரம் புதுக்கதை சொன்னால் அங்கே நின்று பார்க்க வேண்டும்.

ரசியாவில் சைபீரியாவில் சுகோய் லோக் என்று பெரிய தங்கப் படிவு ஒன்று. தஸ்மேனியாவில் ராஸ் லார்ஜ் என்பவரின் குழு அங்கத்தைய பைரைட்டைத்தான் இப்படி வளையம் வளையமாக வாசித்தது. சேற்றில் பிறந்த முதல் பைரைட்டிலேயே தங்கம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. பாறை புதைந்து சூடேறி மணிகள் மறுபடி வளர்ந்தபோது உள்ளே இருந்ததை வெளியே தள்ளிவிட்டுச் சுத்தமாகியிருக்கின்றன. வெளியே வந்த தங்கம் பிறகு தனி மணியாகச் சேர்ந்திருக்கிறது. நான் துளைத்த மாக்கலில் முதல் பைரைட்டிலும் தங்கம் இல்லை, பிறகு வந்து சேரவும் இல்லை.

தேடுகிறவனுக்கு இதில் என்ன லாபம் என்றால், தூரம். தங்கமோ செம்போ இருக்கிற இடம் சின்னது. அதைச் சுற்றிப் பைரைட் பரவியிருக்கிற வட்டம் பெரியது. துளை தங்கத்தைத் தவறவிடும், பைரைட்டைத் தவறவிடாது. பொதுவாகச் சூடு கூடிய நடுப்பக்கத்தில் வளர்ந்த பைரைட்டில் கோபால்ட், செலனியம் மாதிரி ஆட்கள் கூட இருப்பார்கள். தணிந்த விளிம்பில் அந்திமனி, தாலியம், பாதரசம். ஒன்றும் கிடைக்காத துளையில் எடுத்த நாலு மணி, அடுத்த துளையைக் கிழக்கே போடு என்று சொல்லிவிடக் கூடும். எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறது. இந்தத் துறையில் ஒரு தடவையே பெரிய விசயம்.

இப்போது கணினிக்கு ஆயிரக்கணக்கான லேசர்க் குழிகளின் கணக்கைக் கொடுத்து, இந்தப் பைரைட் எந்த வகைப் படிவிலிருந்து வந்தது என்று வகைபிரிக்கப் பழக்குகிறார்கள். 2019இல் அப்படி ஒரு ஆய்வு வந்து நல்ல பேர் எடுத்தது. நானும் பாவிக்கிறேன். ஒரே ஒரு மனத்தாங்கல். அது படித்த வகைகளுக்குள் ஒன்றைத்தான் சொல்லும். படிக்காத வகை ஒன்று வந்தாலும் “தெரியாது” என்று சொல்லாமல் இருக்கிறதில் ஒன்றின் பெயரை வைத்துவிடும். எங்கள் ஊரில் வழி கேட்டால் சிலர் தெரியாத ஊருக்கும் கை காட்டுவார்களே, அந்த மாதிரி.

சரி, பெரியப்பாவின் கல்லுக்கு வருவோம். மட்டக்களப்பு, அம்பாறையில் பெரும்பாலும் நிலவியல்காரர் விஜயன் தொகுதி என்று சொல்லும் பழம்பாறை. ஏறத்தாழ 55 கோடி வருடங்களுக்கு முன் அடிநிலத்தில் வெந்து பிசைபட்டது. அந்தச் சூட்டில் சேற்றுப் பைரைட் எதுவும் தாங்காது, கந்தகத்தை விட்டுவிட்டு வேறு கனியமாகிவிடும். ஆகவே கிணற்றில் வந்த இந்தப் பெட்டிகள் வேகல் முடிந்த பிறகு ஏதோ வெடிப்பு வழியே வந்த தண்ணீரின் வேலை என்பது என் கணிப்பு. அதற்காகத் தங்கம் என்று அர்த்தமில்லை. ஆனால் வெருகல் ஆற்றைத் தாண்டினால் சேருவில. விஜயன் தொகுதியும் மத்திய மலைநாட்டுப் பாறைத்தொகுதியும் சந்திக்கிற எல்லையை ஒட்டிய இடம். அங்கே 1971இல் செம்பும் மக்னடைட் என்ற இரும்புக் கனியமும் கண்டுபிடித்தார்கள், அதோடு பைரைட்டும் உண்டு. வெருகல் திருவிழாவுக்கு வருசா வருசம் போகிற எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியும் அது?

இதைச் சொன்னபோது மருமகன் கேட்டான், எங்கட ஆக்களில கல்லுப் படிச்சவங்க முந்தி இருந்தாங்களா என்று. 1903இல் இலங்கையில் கனிய அளவைத் திணைக்களம் தொடங்கியபோது அதன் முதல் பணிப்பாளர் ஆனந்த குமாரசுவாமி. நடராசர் சிலையைப் பற்றி எழுதினவர் என்றுதான் அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

கல்லில் ஒரு துண்டைக் கல்கூர்லிக்குக் கொண்டுபோய் லேசரில் வைக்கலாமே என்று எனக்கே கை துறுதுறுத்தது. செய்யவில்லை. சின்னத் துண்டென்றாலும் கனியம், அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகிறதை நானே செய்தால் மற்றவனுக்கு என்ன சொல்ல முடியும். பேராதனையில் படிப்பிக்கிற கூட்டாளி ஒருத்தி துண்டை மினுக்கி நுண்ணோக்கியில் பார்த்துப் படம் அனுப்பினாள். வெளிர்மஞ்சளாய்ப் பைரைட், ஒரு ஓரத்தில் பித்தளை நிறத்தில் செம்புக் கனியமான கல்கோபைரைட் புள்ளி ஒன்று, சாம்பலாய் மக்னடைட். வளையம் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவுதான் இப்போதைக்கு.

பெரியப்பாவுக்குப் போனில் சொன்ன அவசர விசயம் வேறு. அந்த உடைகல்லைக் கிணற்று வாயில் குவித்து வைக்க வேண்டாம், மாரி மழையில் பைரைட் நனைந்து காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகக் கசியும், தண்ணீர் இரும்புக் காவியாகிப் புளிக்கும். குடிக்க முதல் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள், ஆர்சனிக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். “அது எப்பவோ அள்ளியாச்சு மனே” என்றார். ட்ராக்டர் பெட்டியில் ஏற்றி வட்டை ரோட்டுப் பள்ளத்தில் கொட்டியிருக்கிறார். மினுங்குகிற துண்டுகளைப் பொடியன்மார் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

மிச்சம் ஒரு துண்டு மருமகனிடம். ஜாம் போத்தலில் போட்டு மேசையில் வைத்திருக்கிறான், ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறான் என்று படம் அனுப்பினான். ‘பைரைட். தாந்தாமலை. மாமி தந்தது.’

“ஆழம் எங்க?” என்று எழுதினேன். “கிணத்தில எந்தப் பக்கம்? கல்லு எந்தக் கல்லுக்குள்ள இருந்திச்சு?”

அரை மணித்தியாலம் பதில் இல்லை. பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் பெரியப்பாவின் சத்தமும் கேட்டது, யாரோடோ தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தார். “பதினெட்டு முழமாம் மாமி. வடக்குப் பக்கச் சுவராம். கொம்பிறசர்காரர் இருபது எண்டு சொல்றாராம், ரெண்டையும் எழுதவா?”

இரண்டையும் எழுதச் சொன்னேன்.